இல்லாத கார்டுக்கு ஒரு முகவரி

உங்கள் மடிக்கணினியில், மெய்நிகர் இயந்திரங்களை (கணினிக்குள் ஓடும் பாவனைக் கணினிகளை) உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, அதற்குள் ஒரு லினக்ஸை ஓடவிடுங்கள். என்ன நெட்வொர்க் கார்டு பொருத்தியிருக்கிறது என்று அந்த லினக்ஸிடம் கேட்டால், பெரும்பாலும் இன்டெல் 82540இஎம் என்று பதில் வரும். இருபது ஆண்டுகளுக்கு முன்பு மேசைக் கணினிகளில் இருந்த சில்லு அது. மடிக்கணினியைத் திருகு திருகாகக் கழற்றினாலும் அது அகப்படாது. விர்ச்சுவல்பாக்ஸ்தான் அந்தச் சில்லாக நடித்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவு பழைய சில்லைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது: ஏறக்குறைய எல்லா இயங்குதளங்களிலும் அதற்கான டிரைவர் இருக்கிறது.

இந்த நடிப்பு வேகத்தைத் தின்னும். உள்ளே இருக்கும் இயங்குதளம் சில்லுக்கு ஒரு கட்டளை எழுதும் ஒவ்வொரு முறையும், மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்தி, அந்தக் கட்டளைக்கு அசல் சில்லு என்ன செய்திருக்குமோ அதை மென்பொருள் செய்துகாட்ட வேண்டும். ஆஸ்திரேலிய நிரலாளர் ரஸ்டி ரஸ்ஸல் உருவாக்கி, 2008இல் ஆய்விதழில் விவரித்த 'விர்ட்டையோ' இந்தச் சுமையைக் குறைத்தது. உண்மையான சில்லு எதுவும் இல்லை என்பதை உள்ளிருக்கும் இயங்குதளத்திடமே சொல்லிவிடுகிறார்கள். இரு தரப்பும் பார்க்கக்கூடிய நினைவகப் பகுதியில் பாக்கெட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு, ஒரே ஒரு சைகை கொடுத்தால் போதும். லினக்ஸுக்கு இது பழகிய விஷயம். விண்டோஸில் விர்ட்டையோ டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். அதுவரை கார்டே இல்லாததுபோல் இருக்கும்.

கார்டு கிடைத்தது. அதிலிருந்து கிளம்பும் கம்பி எங்கே போகிறது? இதற்கான பதிலைத் தீர்மானிப்பதுதான் மெய்நிகர் நெட்வொர்க் அமைப்பில் பெரும்பகுதி வேலை.

விர்ச்சுவல்பாக்ஸ் தானாகத் தருவது 'நாட்'. அலுவலகத் தொலைபேசியின் எக்ஸ்டென்ஷன் எண்ணைப் போன்றது அது. உள்ளேயிருந்து ஊருக்கெல்லாம் பேசலாம்; வெளியே தெரிவது பொது எண் ஒன்றுதான்; வெளியார் உங்கள் மேசைக்கு நேராக அழைக்க முடியாது. இதில் மெய்நிகர் இயந்திரத்துக்குக் கிடைக்கும் முகவரி வழக்கமாக 10.0.2.15. இன்னொரு இயந்திரத்தைத் தொடங்கினால் அதற்கும் 10.0.2.15தான். புதியவர்கள் இங்கே திகைத்துப்போவார்கள். இரண்டும் மோதிக்கொள்வதில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரவுட்டர் உள்ளுக்குள் பாவனை செய்யப்படுகிறது. அதே காரணத்தால் ஒன்றையொன்று பார்க்கவும் முடியாது. உள்ளே இருக்கும் சர்வரை வெளியிலிருந்து தொட வேண்டுமானால், மடிக்கணினியின் 2222ஆம் போர்ட்டுக்கு வருவதை உள்ளே 22க்கு அனுப்பு என்பதுபோல் ஒரு விதி எழுத வேண்டும்.

அடுத்தது 'பிரிட்ஜ்'. மென்பொருளால் ஆன ஒரு சுவிட்சில், மடிக்கணினியின் உண்மையான கார்டும் மெய்நிகர் கார்டும் அருகருகே செருகப்படுகின்றன. வீட்டு ரவுட்டரின் பார்வையில் மெய்நிகர் இயந்திரம் இன்னொரு முழுக் கணினி. ரவுட்டர் அதற்கும் தனி ஐபி முகவரி வழங்கிவிடும். பல வழிகாட்டிகள் எடுத்த எடுப்பில் பிரிட்ஜைப் பரிந்துரைக்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. சோதனைக்காக, எளிய கடவுச்சொல்லோடு போட்டு வைத்த இயந்திரத்தை நெட்வொர்க்கில் உள்ள எல்லாரும் எட்டும்படி வைக்க வேண்டிய அவசியம் கற்றுக்கொள்பவருக்கு அரிதாகத்தான் வரும்.

அவசியம் வந்தாலும் வைஃபை சண்டித்தனம் செய்யும். வைஃபை அணுகல் புள்ளி, தன்னோடு முறைப்படி இணைந்த கருவிகளின் மேக் முகவரியிலிருந்து (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணிலிருந்து) வருவதை மட்டுமே ஏற்கும். மடிக்கணினி இணைந்திருக்கிறது, அதற்குள் இருக்கும் இயந்திரம் இணையவில்லை. அதனால் லினக்ஸ் பிரிட்ஜில் வைஃபை கார்டைச் சேர்த்தால் வழக்கமாகப் பலிக்காது. விர்ச்சுவல்பாக்ஸ், வெளியே போகும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் மெய்நிகர் முகவரியை அழித்து மடிக்கணினியின் முகவரியை எழுதி அனுப்பி, இதைச் சமாளிக்கிறது.

கார்டு பொய்யாக இருக்கலாம், அதன் மேக் முகவரியை உலகம் மெய்யாகவே எடுத்துக்கொள்கிறது. 48 பிட் நீளமுள்ள இந்த முகவரிக்கான வாதத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் யோகேன் தலாலும் ராபர்ட் பிரின்டிஸும் 1981இல் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். எண் நெட்வொர்க்குக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது, கருவிக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். கருவி எங்கே போனாலும் எண் கூடவே போக வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. மொத்தம் 281 லட்சம் கோடி எண்கள். தயாரிப்பாளர்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட முன்னொட்டுக்குள் எண்களைக் கொடுப்பார்கள். தவிர, யாரும் சொந்தமாக வைத்துக்கொள்ள ஒரு பகுதியும் உண்டு: ஜோடி ஜோடியாக எழுதப்படும் இந்த முகவரியில், முதல் ஜோடியின் இரண்டாவது குறி 2, 6, ஏ, இ என்பவற்றில் ஒன்றாக இருந்தால் அந்த எண் தொழிற்சாலை தந்ததல்ல. இன்றைய கைபேசிகள் வைஃபைக்காகத் தாமே உருவாக்கும் தற்காலிக முகவரிகளிலும் இந்த அடையாளத்தைக் காணலாம். அமைப்புகளில் தேடிப் பாருங்கள். லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மில் ஓடும் இயந்திரங்களின் முகவரிகள் 52:54:00 என்று தொடங்குவதும் இதே பகுதியிலிருந்துதான்.

மிச்சமிருக்கும் ஆறு குறிகளை மேலாண்மை மென்பொருள் தற்போக்காகப் போட்டுவிடும். ஆனால் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் க்யூஎமு என்ற மென்பொருளைக் கையாலேயே ஓட்டி, முகவரியைக் குறிப்பிடாமல் விட்டால், முதல் கார்டுக்கு எப்போதும் 52:54:00:12:34:56தான் கிடைக்கும். நாட்டுக்குப் பின்னால் இருக்கும்வரை தொல்லையில்லை. அப்படி இரண்டு இயந்திரங்களை ஒரே பிரிட்ஜில் போட்டால், அந்த முகவரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று சுவிட்ச் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மாற்றி மாற்றிக் குறித்துக்கொள்ளும். பிங் சில வரும், சில தொலையும். கேபிளைச் சந்தேகித்து மாற்றுவார்கள், ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள். கோளாறு அங்கே இருக்காது.

இயந்திரத்தைப் பிரதி எடுக்கும்போதும் இதே சிக்கல் வரும். விர்ச்சுவல்பாக்ஸ் பிரதி எடுக்கும் சாளரத்திலேயே எல்லாக் கார்டுகளுக்கும் புதிய மேக் முகவரி உருவாக்கும் தேர்வு உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் இரண்டு உபுண்டு சர்வர்கள் ஒரே ஐபியைப் பெற்றால், மெஷின்-ஐடி கோப்பைப் பாருங்கள். ஐபி கேட்கும்போது உபுண்டு சர்வர் தன் அடையாளமாகக் காட்டுவது மேக்கை அல்ல, இந்தக் கோப்பிலிருந்து பிறக்கும் எண்ணை. வட்டைப் பிரதி எடுத்தபோது கோப்பும் கூடவே வந்திருக்கும். மூல இயந்திரத்தில் அதைக் காலியாக்கிவிட்டுப் பிரதி எடுத்தால், ஒவ்வொரு பிரதியும் முதல்முறை எழும்போது தனக்கென்று புதிய எண்ணை எழுதிக்கொள்ளும்.