'கேப்டன்' என்னும் கவசக் கப்பல் கவிழ்ந்த காரணம்

கப்பலின் புறத்தே இருப்புத் தகடு பொருத்திப் பகைவரின் குண்டுகளைத் தாங்கச் செய்யும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நிலைபெற்றது. 1859-இல் பிரான்சு 'குளோயர்' என்னும் கப்பலையும், 1860-இல் இங்கிலாந்து 'வாரியர்' என்னும் கப்பலையும் கடலில் இறக்கின. கலம், நாவாய், வங்கம் எனப் பல பெயர் வழங்கிய நம் மொழியில் இவ்வகைக்குத் தனிப்பெயர் இன்மையின், கவசக் கப்பல் என்றே யாம் குறிக்கின்றோம். 1870-இல் அழிந்த 'கேப்டன்' என்னும் ஆங்கிலக் கப்பலின் வரலாறு ஈண்டு ஆராயப்பெறும்.

பழைய போர்க்கப்பல்களில் பீரங்கிகள் இருபக்கமும் வரிசையாக நின்றன. கூப்பர் கோல்சு என்னும் கடற்படை அலுவலர் அவற்றைச் சுழலும் கவசக் கூண்டினுள் வைக்கும் முறைக்கு 1859-இல் காப்புரிமை பெற்றார். கூண்டின் பளு மிகுதி. ஆதலின் அதனைத் தாங்கும் தளம் நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்திருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1862-இல் போரிட்ட அமெரிக்கக் கப்பலாகிய 'மானிட்டர்' அத்தகைய தாழ்ந்த தளம் உடையது. ஆனால் அதற்குப் பாய்மரம் இல்லை. ஆங்கிலேயர்க்கோ, பெருங்கடல் கடக்க நிலக்கரி மட்டும் போதாமையின், பாயும் வேண்டியிருந்தது. தாழ்ந்த தளமும் உயர்ந்த பாய்மரமும் ஒருங்கு அமையுமா என்பதே வினா.

அமையாது என்றார் கடற்படையின் தலைமைக் கப்பலமைப்பாளர் எட்வர்டு ரீடு. செய்தித்தாள்களும் நாடாளுமன்ற உறுப்பினர் பலரும் கோல்சின் பக்கம் நின்றனர். முடிவில், கோல்சும் பர்க்கன்கெட்டு நகரத்து லெயர்டு நிறுவனத்தாரும் தம் பொறுப்பில் கட்டுமாறு அரசு இசைந்தது. 1869-இல் கப்பல் நீரில் இறங்கியது. அதன் தளம் நீர்மட்டத்துக்கு மேல் 8 அடி உயர்ந்திருக்கும் எனத் திட்டமிட்டனர். கட்டுமானத்தில் எடை மிகுந்தமையால் அவ்வுயரம் ஏறத்தாழ 6½ அடியே ஆயிற்று.

இக்குறைவின் விளைவை விளக்குவாம். காற்றால் கப்பல் சாயும்போது, நீருள் அமிழும் பக்கம் அதனை மேல்நோக்கித் தள்ளி நிமிர்த்துகின்றது. தளத்தின் விளிம்பு நீருள் மூழ்கிய சிறிது நேரத்தில் இந்நிமிர்வாற்றல் உச்சத்தை எட்டிப் பின் குறையத் தொடங்கும். ரீடு அமைத்த 'மோனார்க்கு' கப்பலின் தளம் உயர்ந்தது. அதன் நிமிர்வாற்றல் 40 பாகைச் சாய்வு வரை வளர்ந்தது. 'கேப்டன்' கப்பலிலோ 21 பாகையிலேயே உச்சம் எய்திவிட்டது. இதனைக் கண்டறியும் சோதனை 1870 சூலையில் நிகழ்ந்தது. கணக்கு முற்றுப்பெறுமுன் கப்பல் புறப்பட்டுவிட்டது.

செப்டம்பர் 6-ஆம் நாள் அக்கப்பலைப் பார்வையிட்ட படைத்தலைவர் மில்னே, தளத்தின் மேல் கடல்நீர் புரள்வதைக் கண்டார். அன்று நள்ளிரவு கடந்து, சுபெயின் நாட்டு பினிச்டர் முனைக்கு அப்பால், புயற்காற்றில் கப்பல் கவிழ்ந்தது. ஏறத்தாழ 480 பேர் மாண்டனர். பிழைத்தோர் 18 பேரே. கோல்சும், தலைவர் பர்கோயினும், கடற்படை அமைச்சர் சில்டர்சின் மகனும் மாண்டோருள் அடங்குவர்.

பொதுமக்கள் கருத்துக்கு இணங்கி, துறைவல்லார் கருத்துக்கு மாறாக இக்கப்பல் கட்டப்பெற்றது என்று படைத்துறை வழக்குமன்றம் முடிவு கூறியது. இம்முடிவு பொருந்துவதே, எனினும் முழுமையுடையது அன்று. மறுத்த துறையே இசைவும் அளித்தது. பொறுப்பைப் பிறர்மேல் வைத்ததனால் இடர் நீங்கிற்றில்லை. சுழற்கூண்டே குற்றமுடையது எனக் கொள்வாரும் உளர். 1871-இல் நீரில் இறங்கிய 'டெவச்டேசன்', சுழற்கூண்டும் தாழ்ந்த தளமும் உடையதாய், பாயின்றி நெடுங்காலம் பணிபுரிந்தமை அக்கூற்றை மறுக்கின்றது. ஆதலின், தாழ்ந்த தளத்தின்மேல் பாயை ஏற்றியதே அழிவுக்குக் காரணம் என்பது துணிபு.