மாயக்காரி சர்சி

ஹோமர் இயற்றிய 'ஒடிஸி' என்னும் கிரேக்கப் பெருங்காவியத்தின் பத்தாம் காண்டத்தில் ஐயாயீ என்றொரு தீவு வருகிறது. டிராய்ப் போர் முடிந்து தாய்நாடு திரும்பும் ஒடிஸியஸ், பதினொரு கப்பல்களை இழந்து, எஞ்சிய ஒரே கப்பலோடு அங்கே கரையேறுகிறான். அத்தீவின் தலைவியே கிரேக்கர் கிர்க்கே என்றும், ஆங்கிலத்தின் வாயிலாக நாம் சர்சி என்றும் அறியும் மங்கை. கதிரவனாகிய ஹீலியஸின் மகள். பிற்காலத்தார் அவளைச் சூனியக்காரி என்று சுருக்கிவிட்டனர். ஹோமரோ அவளைத் தெய்வம் என்றே பாடுகிறார். மனிதர் மொழி பேசும் அஞ்சத்தக்க தெய்வம் என்பது அவர் தரும் அடைமொழி.

தலைச்சீராவில் சீட்டிட்டுக் குலுக்கியதில் யூரிலோக்கஸ் என்பவனுக்குச் சீட்டு விழுகிறது. இருபத்திரண்டு வீரரோடு அவன் தீவை ஆராயப் புறப்படுகிறான். காட்டிடையே கல்மாளிகை; முற்றத்தில் ஓநாய்களும் சிங்கங்களும் நாய்களைப் போல் வாலைக் குழைத்து நிற்கின்றன. உள்ளே தறியில் நெய்தபடி ஒருத்தி இனிய குரலில் பாடுகிறாள். அழைத்தவுடன் அனைவரும் நுழைகின்றனர். ஐயுற்ற யூரிலோக்கஸ் மட்டும் வெளியே நின்றுவிடுகிறான். பாலடைக்கட்டி, வாற்கோதுமை மா, தேன், மது ஆகியவற்றைக் குழைத்து, அதில் மருந்தையும் கலந்து அவள் விருந்தளிக்கிறாள். பின்னர்க் கோலால் தட்டுகிறாள். வீரர் பன்றிகளாகின்றனர். தலையும் குரலும் மயிரும் பன்றியினுடையவை. அறிவு மட்டும் முன்போலவே மனித அறிவு. கதையின் கொடுமை இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

அம்மருந்தின் நோக்கத்தையும் ஹோமர் சொல்லாமல் விடவில்லை. அவர்கள் தம் தாய்நாட்டை அறவே மறந்துவிட வேண்டும் என்பதற்காகவே அவள் அதைக் கலந்தாளாம். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மனோர் இவ்விடத்தில் சற்றே நின்று படிப்பர். மேலும் ஒரு வேடிக்கை: மருந்துண்டவர் ஓரிரு நாளில் மீண்டுவிடுகின்றனர், மருந்துண்டும் மயங்காத ஒடிஸியஸோ இறைச்சியும் மதுவுமாக ஓராண்டுக் காலம் அம்மாளிகையிலேயே தங்கிவிடுகிறான். ஊர் நினைவை அவனுக்கு ஊட்ட வேண்டியிருந்தது. ஊட்டியவர்கள் முன்பு பன்றிகளாகிக் கிடந்த அத்தோழர்களும் மற்றையோருமே.

இடையில் நிகழ்ந்ததைச் சுருங்கச் சொல்வோம். தோழரை மீட்கச் செல்லும் ஒடிஸியஸுக்கு ஹெர்மீஸ் தேவன் வழியில் எதிர்ப்பட்டு, கரிய வேரும் பால்வெண் மலரும் உடைய 'மோலி' என்னும் மூலிகையை அளிக்கிறான். மருந்து பலிக்காமை கண்டு திகைத்த சர்சி, உருவிய வாளின்முன் பணிந்து, தீங்கிழையேன் எனச் சூளுரைக்கிறாள். பன்றிகள் முன்னினும் இளமையும் அழகும் வாய்ந்த ஆடவராக எழுகின்றன. பின்னர் அவளே வழிகாட்டியாகிறாள்: பாதலம் சென்று டைரீசியஸ் என்னும் குருட்டு முனிவனைக் கேட்கச் சொல்பவளும், ஸைரன்களின் பாட்டுக்கு மெழுகால் செவியடைக்கச் சொல்பவளும் அவளே.

அவள் ஏன் ஆடவரைப் பன்றிகளாக்கினாள்? ஹோமர் காரணம் கூறவில்லை. இக்கதை முழுவதையும் அரசன் ஆல்சினஸின் அவையில் ஒடிஸியஸே எடுத்துரைக்கிறான் என்பதையும் மறத்தலாகாது. சர்சியின் சொற்களாக நாம் கேட்பவை யாவும் விருந்தினன் ஒருவன் சொல்லக் கேட்டவையே.

இந்த மௌனத்தில்தான் பிற்காலத்தார் புகுந்தனர். உரோமக் கவி ஆவிட் அவளைப் பொறாமையே வடிவானவளாக்கினார். காதற்போட்டியால் ஸில்லா என்னும் நங்கையை அரக்கியாக்குபவள் அவரது சர்சி. புளூட்டார்க் வேறு வழியில் சென்றார். மீண்டும் மனிதனாக மாட்டேன், விலங்கு வாழ்வே மேல் என்று ஒடிஸியஸோடு வாதிடும் ஒரு பன்றியை அவர் படைத்தார். படித்துச் சிரிக்கத் தக்க நூல் அது. சிரித்தபின் பன்றிக்கு விடையளிப்பது எளிதன்று. 1922-இல் ஜேம்ஸ் ஜாய்ஸ் தம் 'யுலிஸிஸ்' நாவலில் அம்மாளிகையை டப்ளின் நகரத்து விலைமாதர் விடுதியாக்கி, அப்பகுதியை நாடக வடிவில் எழுதினார்.

அவளையே பேசவிட்டவர்களில் பெண் எழுத்தாளர் பலர். 1870-இல் ஆங்கிலக் கவிஞர் அகஸ்டா வெப்ஸ்டர் எழுதிய தன்மொழிக் கவிதையில், தன் கிண்ணம் எவரையும் மாற்றவில்லை, அவர்களின் வேடத்தை மட்டுமே களைந்தது என்கிறாள் சர்சி. 1955-இல் வெளியான அமெரிக்க எழுத்தாளர் யூடோரா வெல்ட்டியின் சிறுகதையிலோ, சாவில்லாத அவள், மனிதருக்கு வாய்த்த துயரம் தனக்கு வாய்க்கவில்லையே என ஏங்குகிறாள். இவ்விரண்டில் நம் நெஞ்சம் வெல்ட்டியின் பக்கமே சாய்கிறது. கனடா நாட்டு மார்கரெட் அட்வுட் 1974-இல் அவளைப் பற்றிக் கவிதை வரிசை ஒன்று வெளியிட்டார்.

2018-இல் வந்த மேடலின் மில்லரின் 'சர்சி' என்னும் நாவலே இவற்றுள் பெரும் புகழ் பெற்றது. மருந்தறிவு பெற்ற குற்றத்திற்காகத் தீவுக்குக் கடத்தப்பட்டவள் அவள். தனித்திருந்தவளிடம் அடைக்கலம் புகுந்த மாலுமிகளின் தலைவன் அவளைப் பலாத்காரம் செய்கிறான். அதன்பின்னரே பன்றிகள் தோன்றுகின்றன. ஹோமர் கூறாத காரணம் இவ்வாறு கிடைத்துவிடுகிறது. ஆயினும் நமக்கு ஒரு குறை உண்டு. காரணம் அறிந்தபின் அவள்மீது இரக்கம் பெருகுகிறது. முற்றத்துச் சிங்கங்களைக் கண்டபோது எழுந்த அச்சமோ குறைந்துவிடுகிறது. பழைய சர்சியிடம் இரண்டும் ஒருங்கே இருந்தன.

மோலியைப் பற்றி ஒரு செய்தி. 1983-இல் மருத்துவ அறிஞர் இருவர், அது ஐரோப்பாவில் பனிக்காலத்து இறுதியில் பூக்கும் 'பனித்துளிப் பூ' எனப்படும் வெண்மலர்ச் செடியாகலாம் என்றும், சர்சி கலந்தது ஊமத்தை போன்ற மயக்க மருந்தாகலாம் என்றும் எழுதினர். இது முடிந்த முடிபன்று. ஆயினும் அச்செடியின் கிழங்கிலுள்ள கேலன்டமின் என்னும் சத்து, ஊமத்தை மயக்கத்திற்கு மாறாக வேலை செய்வது. அல்சைமர் நோயால் நினைவு மங்கியோருக்கு மருத்துவர் இன்று அதனை மாத்திரையாக அளிக்கின்றனர்.