மின்னிசைக்கு ஐந்து கோடுகள் வேண்டுமா?

இசை என்றால் வாய்ப்பாட்டு, வீணை, வயலின், பியானோ என்றிருந்த காலம் போய், மின்சாரத்தால் ஒலி எழுப்பிப் பாட்டுக் கட்டும் காலம் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கீபோர்டு இல்லாத ஆலயப் பாடகர் குழுவைக் காண்பது இன்று அரிது. கைப்பேசிக்குள்ளேயே ஒரு முழு வாத்தியக் குழு அடங்கிவிடுகிறது. இந்நிலையில், "கோடு போட்டுப் புள்ளி வைத்து எழுதும் நொட்டேஷனை நாம் கற்றுத்தான் ஆகவேண்டுமா?" என்ற கேள்வி நம் மாணவியரிடையே அடிக்கடி எழுகிறது. பெற்றோருக்கோ இது வெறும் கேள்வியன்று, பணச்செலவு. கீபோர்டு வகுப்புக்கு ஒரு கட்டணம், தியரி வகுப்புக்கு இன்னொரு கட்டணம். இரண்டாவதைக் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைகள், "இசை நமக்கு எட்டாது" என்று ஒதுங்கிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

இந்தக் கோடுகளை ஒழுங்குபடுத்தியவர் ஒரு துறவி என்பது நம்மில் பலருக்கு வியப்பாயிருக்கும். 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த குயிதோ தெ அரெத்சோ என்ற பெனடிக்ட் சபைத் துறவியே அவர். மடத்துப் பாடகர்கள் வழிபாட்டுப் பாடல்களை எல்லாம் கேட்டுக் கேட்டே பாடம் செய்தார்கள். அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பாட்டைக் குறைக்கவே அவர் கோடுகளின் மேல் ஸ்வரங்களை வைத்து எழுதும் முறையைக் கற்பித்தார். அவர் பயன்படுத்தியவை 4 கோடுகள். ஐந்தாவது கோடு பின்னால் வந்தது. ஸ்நாபக அருளப்பரைப் போற்றும் ஒரு லத்தீன் பாடலின் முதல் ஆறு சொற்றொடர்களும் படிப்படியாக உயர்ந்து தொடங்குவதைக் கொண்டு, அவற்றின் முதல் அசைகளையே ஸ்வரங்களுக்குப் பெயராக்கினார்: உத், ரே, மி, ஃபா, சோல், லா. நாம் சங்கீத அறையில் பாடும் "டோ ரே மி" இதன் பேத்திதான்.

ஆக, நொட்டேஷன் என்பது ஒருவர் மற்றொருவருக்கு எழுதும் கடிதம். இயற்றியவர் ஓரிடத்தில், பாடுபவர் வேறிடத்தில். எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம் என்று அது தெளிவாகச் சொல்லும். ஆனால் ஒலியின் தன்மையைச் சொல்லாது. "இது புல்லாங்குழல்" என்று ஓரத்தில் எழுதினால், அந்தக் குழல் எப்படி ஒலிக்கும் என்பது வாசிப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். நம் கர்நாடக சங்கீதத்திலும் இப்படித்தானே? நோட்டுப் புத்தகத்தில் ஸ ரி க ம இருக்கும்; கமகம் ஆசிரியையின் குரலில் இருக்கும்.

மின்னிசையில் தொல்லையே இங்குதான். அதில் வரும் ஒலி, அதற்கு முன் உலகில் எவரும் கேட்டிராததாக இருக்கலாம். அதை எந்தப் புள்ளியால் எழுதுவது?

இங்கிலாந்தில் பிறந்த டெலியா டெர்பிஷைர் என்ற பெண்மணியின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் பயின்று 1959இல் பட்டம் பெற்றவர். ஓர் இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறகு பி.பி.சி. வானொலி நிலையத்தின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் என்ற ஒலிக்கூடத்தில் சேர்ந்தார். 1963இல் 'டாக்டர் ஹூ' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு முகப்பு இசை தேவைப்பட்டது. ரான் கிரெய்னர் என்ற இசையமைப்பாளர் ஒரே ஒரு தாளில் மெட்டை எழுதிக் கொடுத்தார். எழுத முடியாத இடங்களில் 'காற்றுக் குமிழி', 'மேகம்' என்றெல்லாம் சொற்களை எழுதியிருந்தார். மேகத்தை வாசிப்பது எப்படி?

சிந்தசைசர் கடைக்கு வராத காலம் அது. டெலியா, உதவியாளர் ஒருவருடன், ஒரு தந்தியை மீட்டிய ஒலியையும் ஆசிலேட்டர் கருவிகளின் ஒலியையும் நாடாவில் பதிவு செய்தார். நாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும். பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி தாழும். (அதிர்வெண் பாடத்தை வெறுக்கும் தோழியர் கவனிக்கவும்!) இப்படி ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே உண்டாக்கி, வெட்டி, ஒட்டினார். நொடிக்கு 38 செ.மீ. ஓடும் நாடாவில் அரை நொடி ஸ்வரம் என்றால் 19 செ.மீ. துண்டு. அளவுகோலும் கத்தியுமே அவருடைய வாத்தியங்கள். பிறகு சில நாடாக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு ஒன்றாக்கினார். அதைக் கேட்ட கிரெய்னருக்கே, இது தாம் எழுதியதுதானா என்று ஐயம் வந்துவிட்டதாம்.

ஆனால் இயற்றியவர் என்று பதிவானது தாளில் எழுதியவர் பெயர் மட்டுமே. டெலியாவின் பெயரையும் சேர்க்க கிரெய்னர் முயன்றும் நிலையத்தின் விதி இடங்கொடுக்கவில்லை. 2001இல் டெலியா மறைந்தார். அத்தொடரின் 50ஆம் ஆண்டு நிறைவுப் படத்தில், 2013இல்தான், திரையில் அவர் பெயர் வந்தது. காகிதத்தில் உள்ளதே இசை, மற்றதெல்லாம் கைவேலை என்று எண்ணியதன் விளைவு இது என்றே நாங்கள் கருதுகிறோம்.

அதே ஒலிக்கூடத்தை 1958இல் தொடங்கியவர்களுள் ஒருவரான டாஃப்னி ஓரம் வேறு வழியில் போனார். அவர் ஐந்து கோடுகளை நன்கு அறிந்தவர். அவை போதாதென்று கண்டு, 35 மி.மீ. திரைப்படச் சுருள்களின் மேல் கோடுகளையும் வளைவுகளையும் வரைந்தால் அவற்றையே ஒலியாக்கும் ஒரு கருவியைச் செய்தார். ஜெர்மானியரான ஸ்டாக்ஹௌசன் 1954இல் செய்த ஒரு மின்னிசைப் படைப்பின் குறிப்பை, நம் வரைபடத் தாள் போலவே, அதிர்வெண்ணும் ஒலியளவும் குறித்து அச்சிட்டு வெளியிட்டார்கள். எழுத்தை இவர்கள் விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பழைய எழுத்து போதாதபோது புதிய எழுத்தைத் தேடினார்கள்.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் 1968இல் வென்டி கார்லோஸ் வெளியிட்ட 'ஸ்விட்ச்டு-ஆன் பாக்' இசைத்தட்டு முழுவதும் மூக் சிந்தசைசரில் உருவானது. அக்கருவி ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரத்தை மட்டுமே ஒலிக்கும். பாக் எழுதிய ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே வாசித்துப் பதிவு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன் எழுதிய தாளைப் படிக்கத் தெரியாமல் இதை எண்ணிப் பார்க்கவும் முடியாது.

இன்றைய கணினிகள் 1983இல் வந்த மிடி என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. அதில் ஸ்வரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள். பியானோவின் நடு 'சி' 60. திரையில் ஸ்வரங்கள் சிறு கட்டங்களாய்த் தெரியும். உயர இருந்தால் உயர்ந்த ஸ்வரம், நீளமானால் நீண்ட ஸ்வரம். ஒரு மணி நேரத்தில் எவரும் பழகிவிடலாம். எனவே, தனியே அமர்ந்து மின்னிசை உருவாக்க விரும்பும் மாணவிக்கு ஐந்து கோடுகள் கட்டாயமில்லை என்றே சொல்வோம். தியரிக் கட்டணம் கட்ட இயலாத பெற்றோர் இதற்காக வருந்த வேண்டாம்.

ஆனால் 'தனியே' என்ற சொல்லை மறக்கலாகாது. சென்ற கிறிஸ்துமஸ் விழாவுக்கு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி கணினியில் அழகான பின்னணி இசை அமைத்தாள். செவிவழியாகவே எல்லாம் கற்றவள். வயலின் வாசிக்கும் மூவர், "எங்கள் பகுதி எங்கே?" என்று கேட்டபோது கொடுக்கத் தாள் இல்லை. அவள் ஒவ்வோர் அடியாகப் பாடிக்காட்ட, அவர்கள் கேட்டு வாசிக்க, மூன்று மாலைகள் போயின. கணினியே தாளை அச்சிட்டுத் தருமே என்பீர்கள். அச்சிட்டும் பார்த்தோம். அவள் சற்று முன்னும் பின்னுமாக வாசித்ததை எல்லாம் அது அப்படியே எழுதி, முப்பத்திரண்டில் ஒரு பங்கு ஸ்வரங்களால் தாளை நிரப்பிவிட்டது. எது பிழை, எது வேண்டியது என்று பிரித்துத் திருத்தப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டியிருந்தது. மனிதர் பலர் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் தாளின்றி முடிவதில்லை. திரு. இளையராஜா அவர்கள் 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றியபோதும், அந்த வாத்தியக்காரர்கள் வாசித்தது அவர் எழுதிய ஸ்வரங்களைத்தான்.

அதற்காகக் கிரேடு தேர்வு எழுதத்தான் வேண்டுமென்பதில்லை. ஐந்து கோடுகள், நான்கு இடைவெளிகள், நான்கைந்து கால அளவுகள் தெரிந்தால் ஒரு வயலின் பகுதியை எழுதிவிடலாம். நம் நூலகத்தில் நொட்டேஷனுடன் கூடிய பாடல் புத்தகங்கள் மூன்று இருக்கின்றன. சனிக்கிழமை பிற்பகல்களில் சங்கீத அறைக்கு வந்தால் கட்டணமின்றிச் சொல்லித்தரச் சிஸ்டர் இசைந்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பினராகிய நாங்கள் அரசுத் தேர்வு முடியும்வரை வர இயலாது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புத் தோழியர், பெயரைப் பாடகர் குழுத் தலைவியிடம் கொடுக்கலாம். கீபோர்டு வீட்டில் இல்லாதவர்களுக்கு முதலிடம்.