நாற்காலி சட்டம் வந்தும் கால் கடுக்க நிற்கும் ஜவுளிக்கடை ஊழியர்கள்: கோளாறு எங்கே?

சென்னை தி.நகர் முதல் மதுரை, நெல்லை வரை பெரிய ஜவுளிக்கடைகளில் காலையில் வந்து நிற்கும் சேல்ஸ் ஊழியர்கள் பலர், இரவு ஷட்டர் இறங்கும் வரை நின்றபடிதான் இருக்கிறார்கள். சாப்பிடப் போகும் கொஞ்ச நேரம்தான் காலுக்கு ஓய்வு.

இவர்களுக்காகவே 2021 செப்டம்பரில் தமிழக சட்டசபையில் சட்டத்திருத்தம் நிறைவேறியது. 1947-ம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஊழியர் எல்லோருக்கும் இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைத்தால் அவர்கள் உட்கார வழி இருக்க வேண்டும் என்கிறது இந்தப் பிரிவு. கேரளாவில் 2018-லேயே இது வந்துவிட்டது.

ஸ்டூல் இருக்கு, ஆனால்...

ஸ்டூல் போட்ட கடையிலும் உட்கார பயம். மாடிக்கு மாடி சூப்பர்வைசர், எல்லாப் பக்கமும் கேமரா. யாராவது உட்கார்ந்திருந்தால் மேனேஜரிடம் திட்டு வாங்குவது சூப்பர்வைசர். அந்தக் கோபத்தை அவர் ஊழியரிடம் காட்டுகிறார்.

4 பேர் பார்க்க வேண்டிய செக்ஷனில் 2 பேரை நிறுத்துவது, 50 புடவையைப் பிரித்துப் பார்த்த வாடிக்கையாளர் வாங்காமல் போனால் காட்டிய ஊழியரையே குறை சொல்வது, பாத்ரூம் போகவும் அனுமதி கேட்க வைப்பது... இதெல்லாம் நிர்வாகக் கோளாறுதான். பாத்ரூம் போக பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களுக்கு சிறுநீர்த் தொற்று வருகிறது. வருஷக்கணக்கில் நிற்பவர்களுக்கு காலில் நரம்பு சுருட்டிக் கொள்கிறது.

நஷ்டம் கடைக்கும்தான். எந்த அலமாரியில் என்ன விலைச் சரக்கு என்று தெரிந்த ஆள் வெறுத்துப் போய் நின்றுவிட்டால், தீபாவளிக் கூட்டத்தில் புது ஆள் திணறுவார். வாடிக்கையாளர் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவார்!

சட்டம் என்ன சொல்கிறது?

* வேலை நேரம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம்.

* தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நடுவில் 1 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். வாரம் ஒரு நாள் முழு லீவு.

* சரக்கு குறைந்தால் எல்லோர் சம்பளத்திலும் பொத்தாம்பொதுவாகப் பிடிக்க முடியாது. அந்த ஊழியரின் தவறால்தான் நஷ்டம் என்று இருக்க வேண்டும். அவரிடம் விளக்கம் கேட்ட பிறகே பிடிக்கலாம்.

கேட்டா வேலை போயிடுமா?

பலரை வாய்மூட வைப்பது இந்தப் பயம்தான். தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரை தக்க காரணம் இல்லாமல் நீக்க முடியாது. ஒரு மாத நோட்டீஸோ, அதற்குப் பதில் ஒரு மாதச் சம்பளமோ தர வேண்டும். ஒழுங்கீனம் என்று சொன்னால் விசாரணை நடத்தி நிரூபிக்க வேண்டும். நீக்கப்பட்டவர் தொழிலாளர் துறையில் அப்பீல் செய்யலாம்.

அதற்கு ஆதாரம் வேண்டும். வந்த நேரம், போன நேரம், பிடித்த பணம் எல்லாவற்றையும் தினமும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டையை பத்திரப்படுத்துங்கள். அந்தந்த மாவட்ட தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் மனு கொடுக்கலாம். தனியாகப் போக பயமென்றால் நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

சூப்பர்வைசர் செய்ய வேண்டியதும் பெரிய காரியமில்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில், "உட்காரும்மா" என்று அவரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்!