சிறிய வீட்டில் சிறுவர் பொருள்கள்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் ஒரு காட்சி வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் உணவுப் பொருள் உலர்ந்துகொண்டிருக்கிறது. அதைத் தின்ன வரும் கோழியை விரட்ட, மகளிர் காதில் அணிந்த கனத்த குழையைக் கழற்றி எறிகின்றனர். அக்குழை, சிறுவர் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறதாம். பட்டினத்தின் செல்வச் சிறப்பைக் காட்டவே புலவர் இதனைப் பாடினார் என்பர். உண்மையே. ஆயினும், எர்ணாவூரில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றும் ஒரு சமையற்கட்டும் கொண்ட வீட்டில் ஏழு பேராக வாழும் எனக்கு, வகுப்பில் இப்பகுதியைக் கேட்டபொழுது வேறோர் ஐயம் எழுந்தது. பகலெல்லாம் உருண்ட அந்தத் தேரை இரவில் எங்கே வைத்தார்கள்?

நண்பர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் எங்கள் வீட்டில் அன்றாடம் எழும் கேள்வி இதுதான். அக்காவும் மாமாவும் வேலைக்குச் சென்றுவிடுவதால், அவர்களுடைய பிள்ளைகள் இருவரும் பெரும்பாலும் என் பொறுப்பில் இருப்பவர்கள். நான் கல்லூரியில் சேர்ந்த 2023ஆம் ஆண்டில் மூத்தவளுக்கு ஒன்பது வயது, இளையவனுக்கு நான்கு. சொப்புச் சாமான், பம்பரம், கோலிக்குண்டு, பிளாஸ்டிக் பேருந்து, சோடா மூடிகள், புத்தகப் பை, சீருடை, வண்ணப் பென்சில்கள் என அவர்களின் உடைமைகளை எண்ணினால் பெரியவர்கள் உடைமைகளைவிட அதிகம். ஆனால் சிறிய வீட்டில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் தையல் இயந்திரத்திற்கும் இடம் ஒதுக்கிய பிறகு, எஞ்சிய மூலைதான் குழந்தைகளுக்கு.

அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் வீட்டை ஒழுங்குபடுத்தப் புறப்பட்டேன். அனைத்தையும் ஒரு டிரங்குப் பெட்டியில் அடைத்துப் பரணில் ஏற்றினேன். வீடு கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. "இப்பத்தான் வீடு வீடா இருக்குது" என்று அம்மாவும் மெச்சினார். ஆனால் ஒரு வாரத்திற்குள் பையன் தெருவிலிருந்து புதிதாக மூடிகளும் கம்பித் துண்டுகளும் பொறுக்கி வந்து கட்டிலின் அடியில் குவித்துவிட்டான். எட்டாத பொருள் அவனுக்கு இல்லாத பொருளே ஆயிற்று.

இதற்கான விளக்கத்தை நூலகத்தில் மரியா மாண்டிசோரியைப் பற்றிய நூலொன்றில் கண்டேன். இத்தாலியரான இவ்வம்மையார் 1907இல் உரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அது செல்வர் வாழும் பகுதியன்று. சான் லொரென்சோ என்னும் உழைப்பாளர் குடியிருப்பு. தொடக்கத்தில் பொருள்களை அலமாரியில் பூட்டிவைத்து ஆசிரியைதான் எடுத்துக் கொடுப்பாராம். ஒருநாள் பூட்ட மறந்துவிட்டார். குழந்தைகள் தாமே வேண்டியதை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தனர். இதைத் திருட்டென்று ஆசிரியை கருதினார். அம்மையாரோ, எது எங்கே இருக்கிறது என்பதைக் குழந்தைகள் அறிந்திருக்கிறார்கள் என்று கண்டுகொண்டார். அன்று முதல் பூட்டிய அலமாரி போய், குழந்தையின் கைக்கெட்டும் திறந்த தாழ்ந்த அடுக்குகள் வந்தன. இவர் 1939இல் நம் சென்னைக்கே வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பதும், உலகப் போர் காரணமாகப் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது என்பதும் நம்மில் பலர் அறியாதவை.

பழக்கடையில் இரண்டு மரப்பெட்டிகள் வாங்கிச் சுவரோரம் படுக்கவைத்தேன். செலவு அவ்வளவே. ஆனால் எதை எங்கே வைப்பது? இங்கே எனக்கு ஆசானாக வாய்த்தவர் என் தந்தையார். துறைமுகக் கிடங்கில் சுமை தூக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவர். "கப்பல்ல மொத துறைமுகத்துல எறங்க வேண்டிய சரக்கு கடைசியாத்தாம்மா ஏறும்" என்றார். அடிக்கடி வேண்டுவது முன்னாலும், எப்பொழுதாவது வேண்டுவது பின்னாலும் இருத்தல் வேண்டும். கனமானது அடியில். மேலும், மூட்டைகளிலும் பெட்டிகளிலும் வட்டம், முக்கோணம், சாய்சதுரம் எனக் குறியிட்டிருப்பார்களாம்; எழுத்தறியாத தொழிலாளியும் எந்தச் சரக்கு எந்த அடுக்குக்கு என்று அதனால் அறிவான். எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் வீட்டுச் சிறுவனுக்கு இதைவிடப் பொருத்தமான முறை ஏது? பெட்டிகளின் மீது படம் வரைந்து ஒட்டினோம்.

வகை பிரிப்பதில் ஒரு வேடிக்கை. விளையாட்டுப் பொருள், கல்விப் பொருள், உடை என்று நான் பிரித்ததை இருவரும் ஏற்கவில்லை. பையனுக்கு உலகில் இரண்டே வகை: சக்கரம் உள்ளவை, சக்கரம் இல்லாதவை. அவன் அக்காவுக்கும் இரண்டே வகை: தம்பி தொடலாம், தம்பி தொடக் கூடாது. அவர்கள் வகுத்தபடியே விட்ட பிறகுதான் மாலையில் பொருள்கள் தாமாகவே பெட்டிக்குத் திரும்பின.

ஒரு பிழையும் செய்தேன். பேருந்தில் ஒரு சக்கரம் கழன்றுபோயிருந்தது. உடைந்ததுதானே என்று கேளாமலே குப்பையில் போட்டுவிட்டேன். "சித்தி, என் பஸ் எங்க?" என்று இரண்டு நாள் தேடினான். குப்பை வண்டி வருவதற்குள் மீட்டுவிட்டேன் எனினும், அதன்பின் சில வாரங்கள் பேருந்தைப் பெட்டியில் வைக்காமல் தலையணையின் கீழ் வைத்து உறங்கினான். உரியவரைக் கேளாமல் ஒன்றை எறிந்தால், அந்தப் பெட்டியையே குழந்தை நம்புவதில்லை.

இவ்வளவும் செய்து மகிழ்ந்திருந்த வேளையில் 2023 டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 3, 4 ஆகிய நாள்களில் பெய்த மழையை வடசென்னையார் மறவார். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்ப் பகுதியில், அவ்வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து பரவியதை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் முழங்காலளவு நின்றது. நான் பெருமையோடு அமைத்த தாழ்ந்த அடுக்குதான் முதலில் மூழ்கியது. பரணில் ஏறியிருந்தால் அத்தனையும் தப்பியிருக்கும் என்பதை அம்மா சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டேன். நீர் வடிந்தபின் கழுவிக் கழுவிப் பார்த்தோம். பிளாஸ்டிக் தேறியது, மரச்சொப்பில் ஏறிய எண்ணெய் நாற்றம் போகவில்லை. இழந்த சான்றிதழ்களை மீண்டும் பெற அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. ஆனால் மூத்தவள் மூன்றாண்டுகள் வரைந்து நிரப்பிய பட நோட்டுக்கு எந்த முகாமில் விண்ணப்பிப்பது? அவள் அழக்கூட இல்லை. ஒட்டிக்கொண்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, வெயிலில் வைத்தாள். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

மாண்டிசோரி அம்மையாரின் முறை தவறென்று நான் கூறவில்லை. மழைக்காலத்தில் தரை எங்களுடையதன்று, தண்ணீருடையது என்பதை நான்தான் கணக்கில் கொள்ளவில்லை. இப்பொழுது கோடையில் ஓர் ஒழுங்கு, மழையில் ஓர் ஒழுங்கு என வைத்திருக்கிறோம். மரப்பெட்டிகளுக்குப் பதிலாகக் கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் வாளிகள் இரண்டு. நிரம்பினாலும் சிறுவனே தூக்கக்கூடிய அளவுதான். தை முதல் புரட்டாசி வரை அவை தரையில் இருக்கும். ஐப்பசி பிறந்ததும் கட்டிலுக்கு ஏறும். சீருடையும் பாடநூல்களும் கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கும் பையில். பிறப்புச் சான்றிதழ் முதலியவை பாலித்தீன் உறையிட்டு, பீரோவின் மேல்தட்டில். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு துணிப்பையும் உண்டு. "தண்ணி வந்தா எதை எடுத்துக்கிட்டு ஓடுவ?" என்று கேட்டு, அதில் இடம்பெறுவதை அவரவரே தேர்ந்தெடுக்க விடுகிறோம். அப்பையில் மட்டும் பெரியவர்கள் கை வைப்பதில்லை.

சென்ற ஐப்பசியில் பையன் தன் பையை நிரப்பியபொழுது அருகில் இருந்தேன். புதிதாக வாங்கிக் கொடுத்த ரிமோட் கார் அதில் சேரவில்லை. மூன்று சக்கரம் உள்ள பழைய பேருந்து முதலில் போயிற்று. அதன் மேல் சில மூடிகள். பிறகு, தன் அக்காவிடம் சென்று அவளுடைய புதிய பட நோட்டைக் கேட்டான். அவள் பை நிரம்பிவிட்டதாம். தம்பி தொடக் கூடாத வகையைச் சேர்ந்ததாயினும், அவள் கொடுத்தாள்.