ஞானம் தேடிய படலம்

நாற்பது வயதைக் கடந்த மனிதனை இரண்டு குறைகள் தப்பாமல் வந்து பற்றிக்கொள்கின்றன. ஒன்று, கண்பார்வை மங்குதல். மற்றது, ஞானம் தேடவேண்டும் என்னும் வேட்கை எழுதல். முன்னதற்கு மூக்குக்கண்ணாடி உண்டு. பின்னதற்கு எந்த வைத்தியரும் இன்றுவரை மருந்து எழுதிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. நமக்கு இவ்விரண்டும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன.

வாசகர்கள் நகைக்கக்கூடும். கல்லூரியில் உயர்தர வகுப்பு மாணவருக்கு இந்து நாகரிகம் கற்பிக்கும் ஒருவருக்கு ஞானத்தில் என்ன குறை என்று வினவவும் கூடும். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களும் 40 அடிகளும் கொண்டது. அவற்றைப் பட்டப்படிப்புக் காலத்தில் உரையோடு மனனஞ் செய்து, பரீட்சையில் நல்ல புள்ளிகளும் பெற்றோம். ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதி, செம்பிற் களிம்புபோல ஆணவம் உயிரோடு அநாதியே கூடியுள்ளது என்று ஆண்டுதோறும் விளக்கியும் வருகிறோம்.

ஒருநாள் அவ்வாறு விளக்கிக்கொண்டிருக்கையில், பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து நின்றான்.

"சேர், செம்பிலை களிம்பு இருந்தால் கண்ணாலை காணலாம். ஆணவத்தை நீங்கள் கண்டிருக்கிறியளோ?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நல்ல வேளையாக மணி அடித்தது, நாம் தப்பினோம். ஆனால், அந்தக் கேள்வி சயிக்கிளின் பின்னால் ஏறியிருந்து நம்மோடு வீடுவரை வந்துவிட்டது.

அன்றிரவே ஞானம் தேடுவதென்று முடிவு செய்தோம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு படிகள் உண்டென்பதும், அவற்றை அரும்பு, மலர், காய், கனி என்று பெரியோர் உவமித்துள்ளனர் என்பதும் நாம் அறியாதவையல்ல. சரியை என்றால் கோயில் முற்றம் கூட்டுதல், பூமாலை தொடுத்தல், அடியாருக்குத் தொண்டு செய்தல் முதலியன. இவை பட்டதாரிகளுக்கு உரியனவல்ல என்று நினைத்தோம் போலும். கெட்டிக்காரப் பிள்ளையை ஒரு வகுப்புத் தாண்டி ஏற்றிவிடுவதுபோல, அரும்பையும் மலரையும் காயையும் விடுத்துக் கனியை நேரே பறிக்க முற்பட்டோம்.

முதலில் வேண்டிய பொருள்கள் வாங்கப்பட்டன. தருப்பைப் பாய் ஒன்று. 108 மணிகள் கோத்த உருத்திராக்க மாலை ஒன்று. இந்தியாவிலிருந்து வந்த தடித்த நூல்கள் ஆறு. அதிகாலை எழுப்புவதற்கு ஒரு மணிக்கூடு. எல்லாவற்றையும் பார்த்த நம் இல்லாள், "எல்லாத்தையும் துறக்கிறதுக்கு இவ்வளவு சாமான் வேணுமோ?" என்று மட்டும் கேட்டார். இது அஞ்ஞானத்தின் குரல் என்று உள்ளத்திற் குறித்துக்கொண்டோம்.

நாள்தோறும் அதிகாலை நான்கு மணிக்குச் சுவாமி அறையின் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், அமர்வது என்பது திட்டம். முதல் வாரம் நுளம்புகளோடு கழிந்தது. இரண்டாம் வாரம் நுளம்புகள் அகன்றன, நினைவுகள் வந்தன. திருத்தாத விடைத்தாள்கள், கட்டாத கடன், எல்லை வேலியைப் பத்து ஆண்டுகளுக்கு முன் அரையடி தள்ளிப்போட்ட அயலவர் ஆகிய அனைவரும் நிரையாக வந்து நம் எதிரே அமர்ந்தனர். மூன்றாம் வாரம் இவையும் ஓய்ந்து மனம் சற்றே அடங்கும் வேளையில், கதவுக்கு வெளியே குரல் எழுந்தது.

"இஞ்சாருங்கோ, ஞானம் வாற நேரம் வரட்டும். பால்காரன் வந்து நிக்கிறான். எழும்பி ஏனத்தைக் குடுங்கோ."

அன்றுமுதல் கதவுக்கு உட்புறம் ஒரு தாழ்ப்பாளும் பொருத்தினோம்.

ஐந்தாம் வாரத்தில் ஒருநாள், மனம் முழுதாக ஒரு நிமிடம் அடங்கியது. அடங்கிய மறுகணமே, இதனை யாரிடமாவது சொல்லவேண்டும் என்ற ஆசை எழுந்தது. ஆசிரியர் அறையிலே சொன்னோம். கணித ஆசிரியர், "ஒரு நிமிடத்துக்கு ஐந்து கிழமை என்றால் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கு எத்தனை வருடம்?" என்று கடுதாசியில் கணக்கிடத் தொடங்கினார். விடை, நம் ஆயுளுக்குள் அடங்குவதாக இல்லை.

குரு இன்றிக் காரியம் ஆகாது என்று நூல்கள் கூறுதலின், அடுத்து நம் நாட்டு ஞானியரின் வரலாற்றை ஆராயப் புகுந்தோம். இதற்காக இமயமலை செல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக் கடைவீதியும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியுமே போதும். கடைவீதியில் திரிந்தமையால் ஒருவர் கடையிற் சுவாமிகள் எனப்பட்டார். அவர்வழி வந்த செல்லப்பா சுவாமிகள் தேரடியிலே கந்தைத் துணியுடன் காணப்பட்டார். தமக்குத் தாமே பேசுவார். வணங்க வருவோரை ஏசிக் கலைப்பார். ஊரார் அவரை விசரர் என்று கூறி ஒதுங்கிப் போயினர்.

ஒதுங்காதவர் ஒருவர் இருந்தார். அவர் 1872ஆம் ஆண்டு மாவிட்டபுரத்திலே பிறந்து, கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியின் களஞ்சியப் பொறுப்பாளராக உத்தியோகம் பார்த்தவர். தேரடியில் ஏச்சு வாங்கி, அந்த ஏச்சுக்குள் இருந்ததைக் கண்டுகொண்டு, உத்தியோகத்தையும் விட்டார். அவரே யோகர் சுவாமிகள். பின்னர்க் கொழும்புத்துறையில் ஒரு சிறு குடிலில் இருந்த அவரை நாடி, கமக்காரரும் வழக்கறிஞரும் மாணவரும் வைத்தியரும் வந்தனர். தேசாதிபதியாக இருந்த சோல்பரிப் பிரபுவின் மைந்தரும் வந்து அடியவரானார். "சிவதொண்டன்" என்னும் சஞ்சிகை 1935ஆம் ஆண்டிலே தொடங்கியதும் சுவாமிகளின் அருளாணையினாலேதான். சுவாமிகள் 1964ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் சமாதியடைந்தார்.

குருவிடமிருந்து அவர் பெற்று நமக்கு வைத்துப்போனவை நான்கு சிறு வாக்கியங்கள். "ஒரு பொல்லாப்பும் இல்லை, எப்பவோ முடிந்த காரியம், நாம் அறியோம், முழுதும் உண்மை." யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றிற்போல நம் வீட்டுச் சுவரிலும் இவை கண்ணாடிச் சட்டத்துள் தொங்குகின்றன. நம் தந்தையார் எதற்கும் இவற்றுள் ஒன்றை எடுத்துச் சொல்லுவார். பால் பொங்கி வழிந்தால் முதலாவது; பிள்ளைகள் கோப்பையை உடைத்தால் இரண்டாவது.

செல்லப்பா சுவாமிகள் வந்தவரை ஏன் ஏசினார் என்று நாம் ஆழ்ந்து சிந்தித்தோம். ஞானம் வேண்டி வருபவன் ஒரு கையில் தேங்காய் பழமும் மறு கையில் "நான் தேடுகின்றேன்" என்னும் பெருமையும் ஏந்தி வருகின்றான். தேங்காயைக் கையால் வாங்கி வைத்துவிடலாம். மற்றதை ஏசித்தான் இறக்கவேண்டும். இவ்வுண்மை நமக்கு மிக நன்றாக விளங்கியது. விளங்கியதை ஐந்து பக்கக் கட்டுரையாக எழுதிக் கல்லூரிச் சஞ்சிகைக்கும் கொடுத்தோம். அந்த ஏச்சு பிறருக்கு உரியது என்றே எண்ணினோம்.

பதினோராம் வாரம் வந்தது.

நம் தந்தையாருக்கு வயது எழுபத்தெட்டு. சுவாமி அறைக்கு அடுத்த அறையிலே படுப்பார். அவருடைய கட்டிலருகே ஒரு செம்பில் தண்ணீர் நிரப்பி வைப்பது, தாயார் காலமான பின் நாம் ஏற்றுக்கொண்ட வேலை. நான்கு மணிக்கு எழவேண்டும் என்று முன்னிரவிலேயே உறங்கச் சென்றதால், அன்று அதனை மறந்துபோனோம்.

விடியற்காலை நான்கரை மணி இருக்கும். மாலை உருண்டுகொண்டிருந்தது. மனமும் அபூர்வமாக அடங்கி வந்தது.

"தம்பி..."

ஐயாவின் குரல். நமக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று எழுதினால் வாசகர்களும் நம்புவர், ஆனால், கேட்டது. இன்னும் பதினெட்டு நிமிடந்தானே என்று எண்ணினோம். புலன்வழி வரும் இடையூறுகளைப் பொருட்படுத்தலாகாது என்று ஆறு நூல்களில் ஒன்று கூறியிருந்தமையும் நினைவுக்கு வந்தது. மறுபடியும், "தம்பி, கொஞ்சம் தண்ணி" என்றார். நாம் கண்களை இன்னும் இறுக மூடிக்கொண்டோம்.

பின்னர் செம்பு உருளும் சத்தமும், அதனோடு வேறொரு சத்தமும் கேட்டன.

தண்ணீருக்காகத் தாமே எழுந்து நடந்தவர் வாசற்படியில் விழுந்து கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. நடுங்கும் கையால் தாழ்ப்பாளைத் திறக்க நமக்குச் சென்ற நேரம், பதினொரு வாரத் தியானத்தையும்விட நீண்டதாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலே சத்திரசிகிச்சை நடைபெற்றது. பதினைந்து இரவுகள் அவருடைய கட்டிலருகே வாங்கில் இருந்தோம். உடம்பு துடைத்தோம், மலசலம் எடுத்தோம், புண் வராமல் இருக்கத் தாதியர் காட்டியபடி மெல்லப் புரட்டிப் படுக்கவைத்தோம். அந்த இரவுகளில் மனம் அடங்கியதா இல்லையா என்று பார்க்க நமக்கு நேரம் இருக்கவில்லை.

நான்காம் நாளிரவு ஐயா விழித்திருந்தார். நம்மால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, நீங்கள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது" என்றோம்.

"எனக்குத் தெரியும்" என்றார். "நான் கூப்பிட்டவுடனை உன்ரை மாலை உருளுற சத்தம் நிண்டது. பிறகு திருப்பியும் தொடங்கினது."

நாம் தலை குனிந்திருந்தோம். ஐயா ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும், ஏசவில்லை. நம்மைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "சரி, எப்பவோ முடிஞ்ச காரியம். இப்ப அந்தத் தண்ணியைத் தா" என்றார்.

தண்ணீரைக் கொடுத்தோம். இரண்டு கைகளாலும் கொடுத்தோம்.

இவை நடந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. ஐயா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு முற்றம்வரை நடக்கிறார். நாமும் தியானத்தை விட்டுவிடவில்லை. ஆயின், 48 நிமிடம் பத்து நிமிடமாகக் குறைந்துள்ளது, கதவு திறந்திருக்கிறது, தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டோம். பால்காரர் வந்தால் எழுகிறோம். ஐயா இருமினாலும் எழுகிறோம். தடித்த நூல்கள் ஆறும் கல்லூரி நூலகத்துக்குச் சென்றுவிட்டன. அவற்றை இரவல் எடுக்கும் மாணவர்கள் வீட்டுக் கதவைச் சாத்தாமல் இருந்து வாசிப்பார்களாக.

கேள்வி கேட்ட மாணவன் இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறான். விடுமுறைக்கு வரும்போது அவனுக்குரிய விடையைச் சொல்லவேண்டும். ஆம் மகனே, கண்டிருக்கிறோம். ஒருநாள் விடியற்காலை நான்கரை மணிக்கு, தருப்பைப் பாயில் உருத்திராக்க மாலையோடு அது அமர்ந்திருக்கக் கண்டோம்.

வாசற்படியில் உருண்ட அந்தச் செம்பு ஒருபுறம் நெளிந்துபோயிற்று. ஆயினும் அதையே வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைதோறும் பழப்புளி இட்டு நாமே துலக்குகிறோம். களிம்பு போகிறது, அடுத்த வெள்ளிக்குள் மீண்டும் படிகிறது. மீண்டும் துலக்குகிறோம்.

அப்படியானால் ஞானம் கிட்டியதா என்று அன்பர்கள் சிலர் கேட்கின்றனர். சுவரில் தொங்கும் நான்கில் மூன்றாவதே நமது விடை: நாம் அறியோம். இதற்குமேல் விரித்தெழுத இயலவில்லை, ஐயா கூப்பிடுகிறார்.