தஞ்சை அரண்மனை யாருடையது?

தஞ்சாவூர் செல்லும் நம்மவரில் அநேகர் பெரிய கோயிலைத் தரிசித்துவிட்டு, அரண்மனையை எட்டிப் பாராமலே திரும்பிவிடுகின்றனர். அதனுள்ளே ஒரு சரித்திர பாடம் இருக்கிறது.

நாயக்கர் எழுப்பி மராட்டியர் விரிவாக்கிய மாளிகை அது. 1855-ல் சிவாஜி மகாராஜா ஆண் வாரிசின்றிக் காலஞ்சென்றதும், கிழக்கிந்தியக் கம்பெனியார் ராஜ்யத்தோடு அவருடைய சொந்தச் சொத்துக்களையும் கைப்பற்றினர். ராணி வழக்காடினார். ராஜாங்கச் செய்கையை விசாரிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று 1859-ல் பிரிவி கௌன்சில் கைவிரித்தது. பலவான் பறித்தால் கேட்கச் சட்டமில்லை என்பதே அதன் சாரம்.

அம்மாளிகையில்தான் 1951-ல் கலைக்கூடம் ஏற்பட்டது. திருவெண்காட்டில் கிடைத்த, 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த ரிஷபவாகன மூர்த்தி அங்கே நிற்கிறார். சாய்ந்துகொள்ள ரிஷபம் இல்லை. மடங்கிய கை அந்தரத்தில் நிற்கிறது. ஆயினும் கம்பீரம் அணுவளவும் குறையவில்லை.

அரசர் கொலுவீற்றிருந்த இடத்தில் இன்று, சிறு கட்டணம் செலுத்திக் குடியானவனும் தலைநிமிர்ந்து நுழையலாம். உரிமை வந்த இடத்தில் கடமையும் உண்டு. சுவரில் பெயரைக் கீறுவோரும், இடிபாட்டைக் கண்டு வாளாவிருப்போரும் தம் சொத்தையே அழிக்கின்றனர். அன்று அந்நியன் பறித்தான். இனி நம் அசட்டையால் இழப்போமாயின், எந்தக் கோர்ட்டில் முறையிடுவது?